அட்டையைக் கீழே வைக்க முப்பது எபிசோட் ஆனது

நான் ஆங்கராக உட்கார்ந்த டிவி அரட்டை நிகழ்ச்சியின் முதல் எபிசோடுக்கு வந்தவர் எழுபது வயதைத் தாண்டிய நாடக நடிகர். தென்மாவட்டத் திருவிழாக்களில் விடிய விடிய நடக்கும் நாடகங்களில் பபூன் வேஷம் கட்டியவர். பேச்சு சூடு பிடித்திருந்த நேரம். "ஒரு நாடகத்துல இருபது நிமிஷம் பொணமாப் படுத்துக் கெடக்கணும் தம்பி. எறும்பு கடிக்குது. நெளியுறேன். கூட்டமே உருண்டு பொரண்டு சிரிக்குது. முன்னால உக்காந்திருந்த ஒரே ஒருத்தர் மட்டும் சிரிக்கல" என்று சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தார்.

நான் கையிலிருந்த கேள்வி அட்டையைப் பார்த்தேன். அடுத்து ஐந்தாவது கேள்வி. "சரிங்கய்யா, உங்களுக்குப் பிடிச்ச சாப்பாடு என்ன?"

ஒரு நொடி அப்படியே இருந்தார். அப்புறம், "கம்மங்கூழு" என்றார்.

அந்த ஒரு நொடி அன்றைக்கு எனக்குத் தெரியவே இல்லை. எடிட் சூட்டில்தான் தெரிந்தது. எடிட்டர் தம்பி படத்தை நிறுத்திவிட்டுத் திரும்பி, "அண்ணே, யாருண்ணே அந்த ஒருத்தர்?" என்றான். எனக்கு எப்படித் தெரியும்? நான்தான் கேட்கவே இல்லையே.

அதற்கு முன்னால் பதினோரு வருஷம் டிவி காமெடி நிகழ்ச்சிகளுக்கு எழுதிக்கொண்டிருந்தேன். சாலிகிராமத்தில் ஒரு லாட்ஜ் அறை, நாலு பேர், ஃபிளாஸ்கில் டீ, பேப்பர் முழுக்க எண்ணெய் ஊறிய வெங்காய போண்டா. டிஸ்கஷன் என்று அதற்குப் பெயர். எண்பது கவுண்டர், அதாவது சுருக்கென்ற பதிலடி ஜோக், எழுதினால் இருபது தேறும். அந்த இருபதில் பன்னிரண்டை ஆங்கர் சொதப்புவார். மீதி எட்டுக்கு விழும் சிரிப்பை பிசிஆர் என்ற கட்டுப்பாட்டு அறையில் நின்று கேட்டுவிட்டு பஸ் பிடித்து வீட்டுக்குப் போய்விடலாம். நிம்மதியான பிழைப்பு. என் முகம் யாருக்கும் தெரியாது, மளிகைக்கடைக்காரருக்குக்கூட.

புதிதாக ஒரு அரட்டை நிகழ்ச்சி பேசி முடித்து, செட் போட்டு, ப்ரோமோ எடுக்க இரண்டு நாள் இருக்கும்போது ஆங்கருக்கு சினிமா வாய்ப்பு வந்துவிட்டது. போய்விட்டார். தப்பில்லை, நானாக இருந்தாலும் போயிருப்பேன். தயாரிப்பாளர் என்னைக் கூப்பிட்டார். "எழுதுறது நீ. எப்படிப் பேசணும்னு அவனுக்குச் சொல்லிக் குடுக்கிறதும் நீ. நீயே உக்காந்துருய்யா."

அன்று ராத்திரி தூக்கம் வராமல் நான் யூடியூப்பில் தேடிய ஆள், அமெரிக்க டிவியில் நள்ளிரவு அரட்டை நிகழ்ச்சி நடத்திப் பேர் வாங்கிய கோனன் ஓ'பிரையன். அவருடைய துண்டுப் படங்களைப் பல வருஷமாகப் பார்த்துவந்தவன்தான். ஆனால் அதுவரை நகைச்சுவைக்காகப் பார்த்தேன். அன்றைக்கு, இந்த மனிதர் எப்படித் தப்பித்தார் என்று தெரிந்துகொள்ளப் பார்த்தேன்.

காரணம், அவரும் என் ஜாதிதான். எழுத்தாளர் ஜாதி. பாஸ்டன் பக்கத்தில் புரூக்லைனில் பிறந்து, ஹார்வர்டில் படித்து, அங்கே 'லாம்பூன்' என்ற நகைச்சுவைப் பத்திரிகைக்கு இரண்டு முறை தலைவராக இருந்தவர். 1985ல் படிப்பை முடித்ததும் ஹார்வர்ட் நண்பர் கிரெக் டேனியல்ஸோடு சேர்ந்து லாஸ் ஏஞ்சலிஸ் போய் டிவிக்கு எழுத ஆரம்பித்தார். 1988லிருந்து 1991 வரை 'சாட்டர்டே நைட் லைவ்' என்ற காமெடி நிகழ்ச்சி. அதற்காக மற்ற எழுத்தாளர்களோடு ஒரு எம்மி, அவர்கள் ஊர் டிவி விருது. பிறகு 'தி சிம்ப்சன்ஸ்' கார்ட்டூன் தொடர். ஒரு சின்ன ஊர், வாயாடி ஒருவனை நம்பித் தேவையே இல்லாத மோனோரயிலை வாங்கித் தொலைக்குமே, அந்த எபிசோட் அவர் எழுதியது. இன்றைக்கும் அந்தத் தொடரின் சிறந்த எபிசோடுகள் என்று யார் பட்டியல் போட்டாலும் அது மேலே இருக்கும்.

ஆனால் இதெல்லாம் திரைக்குப் பின்னால். அறைக்குள் உடன் எழுதுபவர்களைச் சிரிக்க வைப்பதில் அவர் மன்னன் என்று பெயர். கேமரா முன்னால் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தலை காட்டியதோடு சரி.

1993ல் நள்ளிரவு ஆங்கர் டேவிட் லெட்டர்மேன் என்பிசி சேனலை விட்டு சிபிஎஸ் சேனலுக்குக் கிளம்பினார். அவர் விட்டுப்போன நள்ளிரவு நிகழ்ச்சியை நிரப்பும் பொறுப்பு லார்ன் மைக்கேல்ஸுக்கு வந்தது. 'சாட்டர்டே நைட் லைவ்' அவருடையதுதான் என்பதால் கோனனைத் தெரியும். தயாரிப்புப் பக்கம் வரச் சொல்லித்தான் கேட்டார். கோனனுக்கோ நாற்காலியில் உட்கார ஆசை. ஏப்ரல் 13ஆம் தேதி ஒரு மாதிரி நிகழ்ச்சி நடத்திக் காட்டினார். அவருக்கு முப்பது வயது நிறைய இன்னும் ஐந்து நாள் இருந்தது. (மறுநாள் தமிழ்ப் புத்தாண்டுக்கு இங்கே சன் டிவி தொடங்கியது. சம்பந்தமில்லைதான். ஆனால் என் சோற்றுக்கு வழி செய்த தனியார் டிவிக்கும் அவருடைய நாற்காலிக்கும் ஒரு நாள்தான் வித்தியாசம் என்பது எனக்குப் பிடித்திருக்கிறது.) அந்த மாதக் கடைசியில் அவர் பெயரை அறிவித்தார்கள். வேலை கிடைத்த சேதி வந்ததும் சிம்ப்சன்ஸ் அலுவலகத்துக் கம்பளத்தில் மூக்கு அழுந்தக் குப்புறப் படுத்துக் கிடந்தார் என்று உடன் இருந்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். எங்கள் வீட்டில் கம்பளம் இல்லை. நான் மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

எழுதுகிறவன் உட்கார்ந்தால் முதலில் மாட்டிக்கொள்வது வாயில்தான். பதினோரு வருஷம் மற்றவர் வாய்க்கு எழுதிப் பழகிவிட்டேன். போய்விட்ட ஆங்கருக்கு இழுத்து இழுத்துப் பேசும் குரல். அதற்கு நீளமான பில்டப் எடுபடும். எனக்கோ பஸ் கண்டக்டர் மாதிரி கடகடவென்று வரும். என் ஸ்கிரிப்டை நானே படித்தபோது கடன் வாங்கிய சட்டை போட்டதுபோல் இருந்தது. என் மனைவி ஒருநாள் ஒளிபரப்பைப் பார்த்துவிட்டு, "இது நீங்க பேசுற மாதிரியே இல்லையே. யாரு எழுதுனது?" என்றாள்.

அதற்கு நான் கண்டுபிடித்த வழி எளிது. முதலில் எழுதுவதில்லை. போனில் ரெக்கார்டரைப் போட்டுவிட்டு, விஷயத்தை நண்பனிடம் சொல்வதுபோல் சொல்லிவிடுவேன். பிறகு அதைக் கேட்டு அப்படியே எழுதுவேன். ஒரே மூச்சில் சொல்ல முடியாத வாக்கியத்தை இரண்டாக வெட்டுவேன். இன்னொன்றும் உண்டு, இதைத் தமிழில் எழுதுகிறவர்கள் குறித்துக்கொள்ளலாம். நம் வாக்கியம் வினையில் முடியும். "எங்க மாமா கல்யாணத்துக்கு வட்டிக்காரர் முதல் வரிசையில வந்து உக்காந்திருந்தாரு" என்றால், 'வட்டிக்காரர்' என்ற இடத்திலேயே கூட்டத்துக்கு விஷயம் புரிந்துவிடும். சிரிக்கலாமா, வாக்கியம் முடியட்டுமா என்று தயங்குவார்கள். அந்தத் தயக்கத்தில் சிரிப்பு பாதியாகிவிடும். "எங்க மாமா கல்யாணத்துல முதல் வரிசையில வந்து உக்காந்தது யாரு? வட்டிக்காரரு." வெடி கடைசியில் இருக்கிறது. பேசும்போது எல்லோரும் இப்படித்தான் சொல்கிறோம். பேனாவை எடுத்தால்தான் இலக்கண வாத்தியார் வந்து உட்கார்ந்துகொள்கிறார்.

கோனனின் நிகழ்ச்சி 1993 செப்டம்பர் 13ஆம் தேதி தொடங்கியது. அந்தப் பழைய படங்களைப் பார்த்தால் இன்றைக்கும் கை கால் கூசும். கற்பனை அபாரம். தலைமை எழுத்தாளர் ராபர்ட் ஸ்மைகல், அவருக்குக் கீழே கிறுக்குத்தனமான ஒரு படை. ஆனால் நடுவில் நிற்கும் ஆள் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் தவிக்கிறார். சிரிப்பு வருவதற்கு முன்பே அடுத்த வரிக்குத் தாவுகிறார். விமர்சகர்கள் கிழித்துத் தொங்கவிட்டார்கள். 'வாஷிங்டன் போஸ்ட்'டின் டாம் ஷேல்ஸ் அதில் முன்னணி. நிர்வாகமோ பதிமூன்று வாரம், பதிமூன்று வாரம் என்று நீட்டித்துக்கொண்டிருந்தது. ஒவ்வொரு பதிமூன்றும் முடியும்போது கழுத்தில் கத்தி.

இந்தப் பதிமூன்று நம் ஊருக்கும் புதிதல்ல. தூர்தர்ஷன் காலத் தொடர்கள் பதிமூன்று பதிமூன்றாகத்தான் வந்தன. எனக்கும் அதே கணக்கு. முதல் பதிமூன்று முடியும்போது டிஆர்பி எண்ணைப் பார்த்துவிட்டுத் தயாரிப்பாளர் ஒன்றும் சொல்லவில்லை. டீ மட்டும் சொன்னார். அது இன்னும் மோசம்.

1994ல் லெட்டர்மேனே கோனனின் நிகழ்ச்சிக்கு விருந்தினராக வந்து உட்கார்ந்தார். யாருடைய நாற்காலியில் உட்கார்ந்ததற்காக இவரைத் திட்டினார்களோ அவரே வந்து நன்றாகச் செய்கிறாய் என்று சொல்லிவிட்டுப் போனார். டாம் ஷேல்ஸ் தன் தீர்ப்பை மாற்றிக்கொள்ள 1996 ஆனது. கிட்டத்தட்ட மூன்று வருஷம். எனக்கு மூன்று வருஷம் யாரும் தரமாட்டார்கள் என்பது தெரியும். அதனால் ஒரு காரியம் செய்தேன். ஒவ்வொரு பதிவு முடிந்ததும் ஒளிபரப்பாகும் படத்தை விட்டுவிட்டு, எடிட் செய்யாத முழுப் படத்தையும் வாங்கிப் பார்த்தேன். வெட்டிய இடங்களில்தான் என் தப்பு எல்லாம் இருந்தது. கொடுமையான வேலைதான். ஆனால் புதிதாக உட்காருகிற யாராக இருந்தாலும் இதைச் செய்யுங்கள். கையில் வேப்பெண்ணெய் கொடுத்ததுபோல் இருக்கும், குடித்துவிடுங்கள்.

அப்படிப் பார்த்ததில் ஒன்று தெரிந்தது. நான் தனியாக இருக்கும்போதுதான் மோசம். கோனனுக்குப் பக்கத்தில் ஆண்டி ரிக்டர் உட்கார்ந்திருப்பார். எழுத்தாளராக வேலைக்கு எடுக்கப்பட்டவர்தான் அவரும். இவர் வரி விழுந்து உடையும்போது அவர் ஒரு வார்த்தை சொன்னால் உடைந்ததே வேடிக்கையாகிவிடும். எனக்கு அப்படி யார்? செட்டில் ஒரு கீபோர்டுக்காரர் இருந்தார். நான் ஜோக் சொன்னால் 'டொய்ங்' என்று வாசிக்க வேண்டியது அவர் வேலை. பதினாறாவது எபிசோடில் நான் ஒரு மொக்கையைச் சொல்லிவிட்டு அவரைப் பார்க்கிறேன், சத்தம் வரவில்லை. மறுபடி பார்த்தேன். "இதுக்கெல்லாமா வாசிக்கணும் சார்?" என்றார். அவருக்கு மைக்கே கிடையாது. என் சட்டையில் இருந்த மைக்கில்தான் லேசாக விழுந்தது. முன் வரிசையில் இருந்தவர்களுக்குக் கேட்டு அவர்கள் சிரிக்க, பின் வரிசை என்ன என்ன என்று கேட்டு மறுபடி சிரிக்க, அன்றைக்குப் பெரிய சிரிப்பு அதுதான். அடுத்த பதிவிலிருந்து அவருக்கும் ஒரு மைக் மாட்டினோம். அவருக்கு வரி எழுதித் தரலாமா என்று எனக்குக் கை அரித்தது. நல்லவேளை, தரவில்லை.

வெளிப்புறப் படப்பிடிப்பில் கற்றதுதான் எனக்கு அதிகம் பயன்பட்டது. கோனன் நாற்காலியில் இருப்பதைவிட வெளியே போனால் இன்னும் நன்றாக இருப்பார். 2004ல் லாங் ஐலண்டில் பழைய கால கிராமம் ஒன்றுக்குப் போனார். அங்கே 1860களின் விதிப்படி, அந்தக் காலத்து உடுப்போடு பேஸ்பால் ஆடுகிறார்கள். தன் படைப்புகளில் தனக்கு மிகவும் பிடித்தது அதுதான் என்று அவர் சொல்லியிருக்கிறார். அதில் அந்த ஆட்டக்காரர்களை அவர் கிண்டல் செய்கிறார் என்று மேலாகப் பார்த்தால் தோன்றும். கவனித்துப் பாருங்கள். அவர்கள் தங்கள் உலகத்தை விட்டு இம்மியும் நகரமாட்டார்கள். இவர்தான் ஒட்டுமீசையோடு, ஆறடி நாலங்குலத்துக்கு, உள்ளே வரத்தெரியாத கோமாளியாக நிற்பார். அடி விழுவது இவர் மேல்.

பொங்கல் சிறப்பு நிகழ்ச்சிக்காக நாங்கள் ஒரு வாரச் சந்தைக்குப் போனோம். மண்பானை விற்கும் ஒரு அம்மாவிடம் சொல்ல மூன்று கவுண்டர் எழுதி வைத்திருந்தேன். முதலாவதைச் சொல்லிக்கொண்டே ஒரு பானையை எடுத்து உள்ளங்கையால் தட்டினேன். "தம்பி, அது பானை. தவில் இல்ல" என்றார். பிறகு அதை என் கையிலிருந்து வாங்கி, நடுவிரல் முட்டியால் ஒரு தட்டு. 'ணங்' என்றது. கீழே இருந்து இன்னொன்றை எடுத்துத் தட்டினார். 'டொப்' என்றது. "இது வெந்தது. இது வேகாதது. சத்தத்துலயே தெரியும்" என்றவர், என்னைத் தலையிலிருந்து கால் வரை ஒரு முறை பார்த்துவிட்டு, "சில பேரத் தட்டிப் பாக்கவே வேண்டாம்" என்றார்.

கேமராமேன் குலுங்கிச் சிரித்ததில் படம் ஆடிவிட்டது. ஆடிய படத்தையே ப்ரோமோவாகப் போட்டோம். என் மூன்று கவுண்டரும் எங்கே போயின என்று இன்றைக்கு வரை தெரியாது. வெளியே மைக்கைத் தூக்கிக்கொண்டு போகிற தம்பி தங்கைகளுக்கு நான் சொல்வது இதுதான்: அவர்கள் இடத்தில் அவர்கள்தான் ஜெயிக்க வேண்டும். ரோட்டில் போகிறவரை மடக்கி அவர் திணறுவதைக் காட்டிச் சிரிக்க வைப்பது ஒரு வாரம் ஓடும். அதற்குப் பிறகு உங்கள் மைக்கைப் பார்த்தாலே ஜனங்கள் எதிர்ப்பக்கம் நடப்பார்கள்.

சரி, அட்டை விஷயத்துக்கு வருகிறேன்.

2007 நவம்பரில் அமெரிக்காவில் எழுத்தாளர் சங்கம் வேலைநிறுத்தம் செய்தது. நள்ளிரவு நிகழ்ச்சிகள் எல்லாம் நின்றுபோயின. கோனன், எழுத்துக்குச் சம்பந்தமில்லாத தன் ஊழியர்களின் சம்பளத்தைச் சொந்தப் பணத்தில் கொடுத்துவந்தார். அவர்கள் வேலையே போய்விடும் என்ற நிலையில், 2008 ஜனவரி 2ஆம் தேதி எழுத்தாளர்கள் இல்லாமலே நிகழ்ச்சிக்குத் திரும்பினார். சங்கத்தில் அவரும் உறுப்பினர். ஆகவே அவரும் எழுதக்கூடாது. தாடி வளர்த்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். ஒரு மணி நேரத்தை எதை வைத்து நிரப்புவது? கல்யாண மோதிரத்தைக் கழற்றி மேசை மேல் சுழற்றினார். எத்தனை நொடி சுற்றுகிறது என்று கணக்கெடுத்தார்கள். அவ்வளவுதான் நிகழ்ச்சி. கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தது. ஹார்வர்ட், எம்மி, சிம்ப்சன்ஸ் எல்லாம் கழித்துவிட்டு மிச்சம் நின்றது ஒரு மோதிரமும் ஒரு ஆளும்.

அதைப் பார்க்கும்போதெல்லாம் ரசித்திருக்கிறேன். ஆனால் நான் செய்யவேண்டியது அதுதான் என்று உறைக்கவே இல்லை. முப்பதாவது எபிசோடில் கரண்ட் போனது. ஜெனரேட்டரும் எடுக்கவில்லை. ஃப்ளோரில் ஏசி நின்று, வேனில் அழைத்துவந்த நூறு பேர் ஆடியன்ஸ் சாப்பாட்டுப் பொட்டலத்தை விசிறியாக வீசிக்கொண்டிருந்தார்கள். அன்றைய விருந்தினர் ஒரு பெண் லாரி ஓட்டுநர். பதிவில் என் கேள்விகளுக்கு ஆமாம், இல்லை, சந்தோஷம் என்று மூன்றே பதில்தான் சொல்லிக்கொண்டிருந்தார். இருட்டில் அட்டை தெரியவில்லை. நேரம் போகவேண்டுமே என்று, "அக்கா, ராத்திரி ஓட்டும்போது தூக்கம் வந்தா என்ன பண்ணுவீங்க?" என்றேன். பச்சை மிளகாயைக் கடித்துக்கொண்டு ஓட்டுவாராம். "எத்தனை?" என்றேன். "கிருஷ்ணகிரி வரைக்கும் ரெண்டு. அதுக்கப்புறம் அழுதுடுவேன். அழுகைல தூக்கம் வராது." ஏன் அழுகை என்று யாரோ ஆடியன்ஸிலிருந்து கேட்டார்கள். நாற்பது நிமிஷம் போனது. அவர் பேச, கூட்டம் கேட்க, நான் இரண்டு மூன்று இடத்தில் "அப்புறம்?" என்று மட்டும் சொன்னேன்.

விளக்கு வந்தது. ஃப்ளோர் மேனேஜர் "ரோலிங்" என்றார். அக்கா மறுபடி "ஆமாம்", "சந்தோஷம்".

என் வாழ்க்கையில் நான் நடத்திய ஆகச் சிறந்த பேட்டி எங்கேயும் பதிவாகவில்லை. அன்றோடு அட்டையை மேசைக்கு அடியில் வைத்துவிட்டேன். தயாராகவில்லை என்று அர்த்தமில்லை. முன்னைவிட அதிகமாகப் படித்தேன். விருந்தினரோடு முந்தின நாள் ஒரு மணி நேரம் போனில் பேசினேன். ஆனால் கேள்வியாக எதையும் எழுதவில்லை. ஐந்து சொற்கள் மட்டும். 'மிளகாய்' மாதிரி. எழுதிவைத்த கேள்விக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. அவர் பதில் சொல்லும்போது நம் மனசு அடுத்த கேள்வியில் போய் நிற்கும். காது மட்டும் அங்கே இருக்கும், அதுவும் பாதி.

டார்ட்மத் கல்லூரி பட்டமளிப்பு விழாவில் 2011ல் கோனன் பேசியது எனக்குப் பிடிக்கும். லெட்டர்மேனுக்கு முந்தைய தலைமுறை நள்ளிரவு ஆங்கர் ஜானி கார்சன், பழைய காமெடி நடிகர் ஜாக் பென்னி மாதிரி ஆக ஆசைப்பட்டு முடியாமல் கார்சன் ஆனார். லெட்டர்மேன் கார்சன் மாதிரி ஆக ஆசைப்பட்டு முடியாமல் லெட்டர்மேன் ஆனார். எங்கள் தலைமுறைக்கு லெட்டர்மேன் ஆக ஆசை, யாருக்கும் முடியவில்லை என்ற பொருளில் சொன்னார். எனக்கு ஆசை சாலமன் பாப்பையா ஐயா மாதிரி ஆக. பட்டிமன்றத்தில் பேச்சாளர் ஜோக் சொல்வதற்குள் அவர் முகம் மலர்ந்துவிடும் பாருங்கள், அதைக் கண்ணாடி முன்னால் நின்று பழகியிருக்கிறேன். வராது. எனக்கு வருவது திருதிரு முழிதான். கடைசி ஒன்பது எபிசோடும் அந்த முழியை வைத்துத்தான் ஓட்டினேன். நன்றாகத்தான் ஓடியது.

முப்பத்தொன்பதோடு நிறுத்திவிட்டார்கள். எனக்கு வாட்ஸ்அப்பில் சேதி வந்தது, கும்பிடும் கை படத்தோடு. அங்கேதான் பெரிய தப்பு செய்தேன். ராத்திரி பதினொரு மணிக்கு ஃபேஸ்புக்கில் ஒரு நீளப் பதிவு. யாரையும் பெயர் சொல்லவில்லை, ஆனால் எல்லோருக்கும் புரிந்தது. காலையில் அழித்தேன். அதற்குள் ஸ்கிரீன்ஷாட் கோடம்பாக்கம் முழுக்கச் சுற்றிவிட்டது. ஒன்றரை வருஷம் எழுத்து வேலைக்குக்கூட யாரும் கூப்பிடவில்லை.

கோனனுக்கு நடந்தது இதைவிடப் பெரிய அடி. நள்ளிரவுக்கு முன்னால் தொடங்கும் தங்கள் பெரிய நிகழ்ச்சியான 'தி டுநைட் ஷோ' உனக்குத்தான் என்று என்பிசிக்காரர்கள் 2004லேயே சொல்லி, ஐந்து வருஷம் காத்திருக்க வைத்து, 2009 ஜூன் 1ஆம் தேதி கொடுத்தார்கள். அதற்கு முன் அதை நடத்திய ஜே லெனோவுக்கு இரவு பத்து மணிக்கு ஒரு நிகழ்ச்சி. அது எடுபடாமல் உள்ளூர் நிலையங்கள் புகார் சொல்ல, லெனோவைப் பழைய நேரத்துக்கே கொண்டுவந்து, இவரை நள்ளிரவு 12.05க்குத் தள்ளப் பார்த்தார்கள். 2010 ஜனவரி 12ஆம் தேதி இவர் ஒரு அறிக்கை வெளியிட்டார். பூமியில் வாழும் மக்களுக்கு என்று விளித்து ஆரம்பிக்கும். அதிலும் கோபம் இருக்கிறது. ஆனால் அந்தப் பழம்பெரும் நிகழ்ச்சியை அடுத்த நாளுக்குத் தள்ளுவது அதையே நாசமாக்கும், அதற்கு நான் உடன்படமாட்டேன் என்பதில்தான் முழுக் கடிதமும் நிற்கிறது. தன் வேதனையைவிட நிகழ்ச்சியின் மரியாதையை முன்னால் வைத்தார். எழுத்தாளன் மூளை வேலை செய்த இடம் அது. உடன்பாட்டுத் தொகை சுமார் நாலரைக் கோடி டாலர் என்றார்கள், அதில் ஒரு கோடியே இருபது லட்சம் அளவுக்கு ஊழியர்களுக்கு. ஜனவரி 22 கடைசி நிகழ்ச்சி. எட்டு மாதம்கூட ஆகவில்லை. எதையும் அவநம்பிக்கையோடு பார்க்காதீர்கள் என்று இளைஞர்களைக் கேட்டுக்கொண்டு இறங்கினார்.

செப்டம்பர் வரை டிவியில் தோன்றக்கூடாது என்று நிபந்தனை. டிவியில்தானே கூடாது என்று ஊர் ஊராக மேடை நிகழ்ச்சி நடத்தினார். நவம்பரில் டிபிஎஸ் என்ற கேபிள் சேனலில் தொடங்கி 2021 ஜூன் வரை நடத்தினார். இதற்கு நடுவே தன் பெயரில் துண்டுப் படங்கள், இணையம், 2018ல் பாட்காஸ்ட் என்று சொந்தமாக ஒரு கடை போட்டுக்கொண்டார். அந்தக் கடையை 2022ல் சிரியஸ்எக்ஸ்எம் என்ற வானொலி நிறுவனம் வாங்கியபோது பேசப்பட்ட தொகை 15 கோடி டாலர். 2025ல் ஆஸ்கர் மேடையையும் நடத்திவிட்டார்.

இதில் நம்மவர்கள் கவனிக்கவேண்டியது கடை. என் முப்பத்தொன்பது எபிசோடில் ஒரு நிமிஷத்தைக்கூட நான் என் இணையப் பக்கத்தில் போட முடியாது. பானைக்கார அம்மா என்னை அடித்தது வேறொருவர் சொத்து. ஒப்பந்தம் என்று ஒன்றே முக்கால் பக்கம் நீட்டியபோது படிக்காமல் கையெழுத்துப் போட்டேன். முகத்துக்குப் பவுடர் போட ஆள் வந்துவிட்ட சந்தோஷம். நீங்கள் படியுங்கள். ஒரு எபிசோடுக்கு மூன்று நிமிஷமாவது என் பக்கத்தில் போட்டுக்கொள்ள உரிமை வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள். எழுத்துக்குத் தனி, உட்காருவதற்குத் தனி என்று சம்பளம் பேசுங்கள். நான் இரண்டையும் செய்து ஒன்றுக்கு வாங்கினேன்.

இப்போது எழுதப் போய்விட்டேன் மறுபடி. வாரம் ஒரு நாள் நானும் அந்தக் கீபோர்டுக்காரரும் அவர் வீட்டு ஹாலில் உட்கார்ந்து பேசி இணையத்தில் போடுகிறோம். அட்டை கிடையாது.

போன ஆடியில் ஒரு கல்யாணப் பேச்சுக்காக மதுரைப் பக்கம் போனபோது அந்த நாடக நடிகரைத் தேடிப் போனேன். திண்ணையில் உட்கார்ந்திருந்தார். என்னை அடையாளம் தெரிந்துகொள்ளக் கொஞ்ச நேரம் ஆனது. பக்கத்தில் உட்கார்ந்து, "ஐயா, அன்னிக்கு எறும்பு கடிச்சு எல்லாரும் சிரிச்சாங்க, ஒரே ஒருத்தர் மட்டும் சிரிக்கலன்னீங்களே, அது யாரு?" என்றேன்.

நெற்றியைச் சுருக்கி யோசித்தார். "அப்படியா சொன்னேன்?"

"ஆமாங்கய்யா. நான்தான் கேக்காம சாப்பாட்டப் பத்திக் கேட்டுட்டேன். கம்மங்கூழ்னு சொன்னீங்க."

"கம்மங்கூழா?" என்று சிரித்தார். பல் இல்லாத சிரிப்பு. "அது எனக்கு எறங்கவே எறங்காதே தம்பி. நீ கேட்ட கேள்விக்கு வாயில வந்ததச் சொல்லியிருப்பேன்."